ஜியாலஜி வகுப்புக்கு இலவசப் பாடவளம்: எதை எடுக்கலாம், எப்படிச் சேர்க்கலாம்

கேள்வி: அரசு கலைக் கல்லூரி ஒன்றில் பி.எஸ்சி. ஜியாலஜி வகுப்புகள் எடுக்கிறேன். துறை நூலகத்தில் இருப்பவை பழைய பதிப்புகள், புதியவை வாங்க நிதி இல்லை. பாறைச் சீவல்களைப் பார்க்கும் போலரைசிங் மைக்ரோஸ்கோப்பில் இரண்டுதான் ஒழுங்காக வேலை செய்கின்றன. மாணவர்களில் பெரும்பாலோர் தமிழ்வழியில் பள்ளி முடித்தவர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாடநூல், படம், பயிற்சி, தரவு ஆகியவற்றை எடுத்துத் தமிழ்க் குறிப்புகளோடு தொகுத்து, எங்கள் மாணவர்களுக்கும் பிற கல்லூரிகளுக்கும் கொடுக்க நினைக்கிறேன். தேடினால் ஆயிரக்கணக்கில் வந்து நிற்கிறது. பாதிச் சுட்டிகள் திறக்கவே மாட்டேன் என்கின்றன. எங்கே தொடங்குவது? எதை எடுத்தால் சட்டச் சிக்கல் வராது?
— உதவிப் பேராசிரியர் ஒருவர்

பதில்:

உங்கள் கடிதத்தில் இரண்டு வேலைகள் ஒன்றாகக் கலந்திருக்கின்றன. உங்கள் மாணவர்களுக்கு வகுப்பில் காட்டுவது ஒன்று. தொகுத்துப் பிற கல்லூரிகளுக்கும் கொடுப்பது இன்னொன்று. முதல் வேலைக்கு இந்தியச் சட்டம் தாராளமாகவே இடம் தருகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 52ஆவது பிரிவில், ஆசிரியரோ மாணவரோ பாடம் நடக்கும் போக்கில் ஒரு படைப்பைப் படியெடுப்பதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. டெல்லிப் பல்கலைக்கழக ஜெராக்ஸ் கடை வழக்கில் 2016இல் டெல்லி உயர் நீதிமன்றம் இந்தப் பிரிவுக்கு விரிவாகவே பொருள் சொன்னது. ஆனால் அதே பக்கங்களை பி.டி.எஃப். ஆக்கி இணையத்தில் எல்லாருக்கும் திறந்துவிட்டால், பாடம் நடத்தும் போக்கில் செய்தது என்று சொல்வது கடினம். ஆகவே இரண்டாவது வேலைக்குத் திறந்த உரிமம் உள்ள, அதாவது எடுத்துப் பகிர ஆக்கியவரே முன்கூட்டி அனுமதி தந்த, வளங்களை மட்டுமே எடுங்கள். இந்தக் கோட்டைத் தொடக்கத்திலேயே கிழித்துக்கொண்டால், ஆயிரத்தில் தொள்ளாயிரம் தானாகவே கழிந்துவிடும்.

இலவசமாகத் திறப்பதெல்லாம் திறந்த வளம் அல்ல. நிலத்தடி நீர் பற்றிய தரமான நூல்களை ‘கிரவுண்ட்வாட்டர் பிராஜெக்ட்’ இலவசமாகத் தருகிறது. ஆனால் அவற்றுள் பல நூல்களின் உரிமைப் பக்கம், கோப்பை வேறு தளத்தில் ஏற்றாதீர்கள், சுட்டியை மட்டும் பகிருங்கள் என்கிறது. மாணவர் படிக்க அது போதும். உங்கள் தொகுப்புக்குள் அதன் படத்தை வெட்டி ஒட்ட முடியாது.

உரிமங்களை எப்படிப் படிப்பது

பெரும்பாலான கல்வி வளங்கள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன. ‘பை’ (BY) என்று மட்டும் இருந்தால், மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு வெட்டலாம், மாற்றலாம், மொழிபெயர்க்கலாம், அச்சிட்டு விற்கவும் செய்யலாம். ‘எஸ்.ஏ.’ சேர்ந்தால், நீங்கள் மாற்றி எழுதியதையும் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். ‘என்.சி.’ என்றால் வணிகப் பயன்பாடு கூடாது. ‘என்.டி.’ என்றால் மாற்றியமைத்ததைப் பகிரக் கூடாது. மொழிபெயர்ப்பும் மாற்றம்தான். ஆகவே என்.டி. உரிமம் உள்ள எதுவும் உங்கள் தமிழ்த் தொகுப்புக்கு உதவாது. அதைப் படிக்கப் பரிந்துரைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பலரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ‘பை-எஸ்.ஏ.’ வளத்தையும் ‘பை-என்.சி-எஸ்.ஏ.’ வளத்தையும் கலந்து ஒரே பாடமாக எழுத முடியாது. இரண்டுமே “என் உரிமத்தில்தான் வெளியிட வேண்டும்” என்று கேட்கின்றன; ஒன்று வணிகத்தை அனுமதிக்கிறது, மற்றது தடுக்கிறது. ஜியாலஜியில் இது உடனே எதிர்ப்படும். ஜார்ஜியா மாநிலப் பேராசிரியர்கள் எழுதிய தொடக்கநிலைச் செய்முறைக் கையேடு பை-எஸ்.ஏ. உரிமத்தில் இருக்கிறது. சால்ட் லேக் கம்யூனிட்டி கல்லூரியின் ‘ஆன் இன்ட்ரடக்‌ஷன் டு ஜியாலஜி’ பை-என்.சி-எஸ்.ஏ. இரண்டையும் ஒரே தொகுப்பில் தனித்தனி அலகுகளாக, தனித்தனி உரிமக் குறிப்போடு அடுத்தடுத்து வைக்கலாம். ஒன்றின் பத்திக்குள் மற்றொன்றின் பத்தியைச் செருகக் கூடாது.

ஒவ்வொரு படத்துக்கும் கீழே நான்கு செய்திகளை எடுக்கும்போதே எழுதிவிடுங்கள்: தலைப்பு, ஆக்கியவர், எங்கிருந்து, எந்த உரிமம். மாற்றியிருந்தால் என்ன மாற்றினீர்கள் என்பதையும் சேருங்கள், “பெயர்ச்சீட்டுகள் தமிழாக்கப்பட்டுள்ளன, அளவுகோல் மீட்டருக்கு மாற்றப்பட்டுள்ளது” என்பதுபோல. இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் இருநூறு படங்களின் மூலத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கும். எக்செல் தாள் ஒன்றில் படத்தின் கோப்புப் பெயர், இந்த நான்கு செய்திகள், பதிவிறக்கிய தேதி ஆகியவற்றை வரிசையாக வைத்தால் போதும்.

அடித்தளத்துக்கு ஒரே ஒரு நூல்

பத்து நூல்களைச் சேர்க்காதீர்கள். ஒன்றை அடித்தளமாக வைத்து அதைத் திருத்துங்கள். பொது ஜியாலஜிக்கு ஸ்டீவன் எர்ல் எழுதிய ‘பிசிகல் ஜியாலஜி’யின் 2ஆம் பதிப்பை எடுப்பது நல்லது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணக் கல்வி அமைப்பான பிசிகேம்பஸ் 2019இல் வெளியிட்டது. உரிமம் வெறும் ‘பை’, ஆகவே எதனோடும் கலக்கலாம். பி.டி.எஃப். மட்டுமன்றித் திருத்தக்கூடிய வடிவங்களிலும் கிடைக்கிறது. பி.டி.எஃப். ஐ வேர்டாக மாற்றிப் போராடாமல் திருத்தக்கூடிய கோப்பையே இறக்குங்கள், பி.டி.எஃப். வழி வந்தால் அட்டவணைகளும் கீழெழுத்து எண்களும் சிதைந்து, வேதிச் சமன்பாடுகள் படிக்க முடியாமல் போகும்.

அந்த நூல் மேற்குக் கனடாவை மையமாக வைத்து எழுதப்பட்டது. மேற்குக் கனடாவின் நிலவியல் வரலாற்றுக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. அதை முழுதாக எடுத்துவிட்டு அந்த இடத்தில் தென்னிந்தியாவை எழுதுங்கள். சார்னோக்கைட் பாறை, சேலம் மேக்னசைட் தாது, அரியலூரின் கிரெட்டேசியஸ் காலப் படிவுகள், நெய்வேலிப் பழுப்பு நிலக்கரி, கடற்கரைக் கனிம மணல் என உங்கள் மாணவர் பேருந்தில் போய்ப் பார்க்கக்கூடியவை அதில் வரட்டும். உரிமம் உங்களுக்குக் கொடுக்கும் உண்மையான ஆதாயம் இதுதான். விலை இல்லை என்பது அடுத்தபடிதான். கனடாவுக்குள்ளேயே சஸ்காட்செவன் பல்கலைக்கழகம் இதே நூலை எடுத்துத் தன் மாணவருக்கேற்பத் தனிப் பதிப்பு கொண்டுவந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எப்படித் திருத்துவது என்பதற்குப் பாதை கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: நூல் ‘பை’ என்றாலும் அதிலுள்ள ஒவ்வொரு படமும் ‘பை’ ஆக இருக்க வேண்டியதில்லை. வேறிடத்திலிருந்து அனுமதி வாங்கிப் போட்ட படங்களுக்குத் தனிக் குறிப்பு இருக்கும். அத்தியாய முடிவிலுள்ள படக் குறிப்புகளைப் பார்க்காமல் எடுக்காதீர்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனமான யு.எஸ்.ஜி.எஸ். வெளியீடுகளுக்கும் இது பொருந்தும். அந்த அரசு ஊழியர்கள் பணியில் ஆக்கியவை அமெரிக்காவில் பொதுச் சொத்து, ஆனால் அவற்றுக்குள் தனியார் படங்களும் இடையிடையே வரும்.

உயர்நிலைப் பாடங்களுக்கு, அதாவது கட்டமைப்பு நிலவியல், பாறையியலான பெட்ராலஜி போன்றவற்றுக்கு, எம்.ஐ.டி. ஓப்பன்கோர்ஸ்வேரில் விரிவுரைக் குறிப்புகளும் கணக்குத் தாள்களும் உண்டு, உரிமம் பை-என்.சி-எஸ்.ஏ. இலவசப் பாடநூல் தளமான ஓப்பன்ஸ்டாக்ஸில் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், அவர்களிடம் ஜியாலஜி நூல் இல்லை. ஐ.ஐ.டி.களின் இணைய வகுப்புகளான என்பிடெல் விரிவுரைகள் நீங்கள் தயாராவதற்கு நல்லவை; சில பாடங்களுக்குத் தமிழாக்கமும் உண்டு. ஆனால் அறுபது நிமிட வீடியோவை வகுப்பில் ஓடவிடுவது பாடமாகாது. ஐந்து நிமிடத் துண்டாக எடுத்து, நிறுத்தி, கேள்வி கேளுங்கள்.

பயிற்சிகளுக்கு ஒரே வாசல்

பாடநூலைவிட உங்களுக்கு அதிகம் தேவைப்படுவது செய்முறைப் பயிற்சிகள். அதற்கு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள கார்ல்டன் கல்லூரியின் எஸ்.இ.ஆர்.சி. மையம் நடத்தும் ‘டீச் தி எர்த்’ தொகுப்புக்கு இணையாக வேறொன்று இல்லை. கல்லூரி ஆசிரியர்கள் தாங்களே வகுப்பில் நடத்திய பயிற்சிகளை, நோக்கம், தேவையான முன்னறிவு, மாணவர் தாள், ஆசிரியருக்கான குறிப்பு, மதிப்பிடும் முறை என்று பிரித்துப் போட்டிருக்கிறார்கள். தேடும்போது பாடப்பிரிவையும் கல்லூரி நிலையையும் வடிகட்டியில் தேர்ந்தெடுங்கள். வெறும் சொல்லைத் தட்டினால் பள்ளிப் பாடமும் கருத்தரங்கச் சுருக்கமும் கலந்து கொட்டும். மறுஆய்வில் உயர்ந்த தரம் பெற்றவை என்ற முத்திரை உள்ளவற்றை முதலில் திறங்கள். ‘இன்டெக்ரேட்’ என்ற பெயரில் உள்ள தொகுதிகள் வகுப்பு வகுப்பாக நேரம் பிரித்துத் தயாராக இருக்கின்றன.

விடைத்தாள்கள் ஆசிரியர் என்று உறுதி செய்தவருக்கே திறக்கும். விண்ணப்பத்தில் கல்லூரி மின்னஞ்சல் முகவரி கொடுங்கள். தனிப்பட்ட ஜிமெயில் மட்டும் இருந்தால் துறைப் பக்கத்தில் உங்கள் பெயர் இருக்கும் சுட்டியையும் சேர்த்து அனுப்புங்கள். அந்த விடைத்தாள்களை உங்கள் தொகுப்பில் வெளியிடக் கூடாது என்பதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதில்லை.

சுட்டிகள் திறக்காததற்கு இரண்டு காரணங்கள் பெரியவை. பழைய அசைபடங்கள் பலவும் ஃபிளாஷில் செய்யப்பட்டவை. 2020 டிசம்பரோடு ஃபிளாஷுக்கு ஆதரவு நின்றுவிட்டது. நிலநடுக்கப் பாடங்களுக்குப் பெயர்பெற்ற ஐரிஸும், ஜி.பி.எஸ். தரவுகளுக்குப் பெயர்பெற்ற உனாவ்கோவும் 2023இல் இணைந்து எர்த்ஸ்கோப் என்ற ஒரே அமைப்பாகிவிட்டன, முகவரிகளும் மாறின. ஆகவே பழைய பட்டியலில் இவர்கள் பெயர் இருந்தால் சுட்டியைச் சொடுக்காமல், பாடத் தலைப்பை எடுத்து எர்த்ஸ்கோப் தளத்தில் தேடுங்கள். மற்றவற்றுக்கு இன்டர்நெட் ஆர்கைவின் வேபேக் மெஷினில் பழைய முகவரியைக் கொடுத்தால் பி.டி.எஃப். தாள்கள் பெரும்பாலும் கிடைத்துவிடும்.

அமெரிக்கச் செய்முறைத் தாள்களை அப்படியே அச்சிடாதீர்கள். வரைபடங்கள் 1:24,000 அளவில், உயரம் அடியில், தொலைவு மைலில் இருக்கும். 40 அடி இடைவெளிக் கோடு நமக்கு 12.2 மீட்டர். மாணவர் சாய்வுக் கணக்கைச் சரியாகவே போட்டும் விடை தவறாக வரும். வரைபடத்தையே மாற்றிவிடுவது நல்லது. அதற்குத்தான் அடுத்த பகுதி.

உள்ளூர் வரைபடம், உயரத் தரவு

இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனமான ஜி.எஸ்.ஐ.யின் பூகோஷ் தளத்தில் பதிவு செய்துகொண்டால் 1:50,000 நிலவியல் வரைபடத்தின் பாறை வகை, கட்டமைப்பு அடுக்குகளை ஷேப்ஃபைலாக (வரைபட மென்பொருளில் திறக்கும் கோப்பு) இறக்கலாம். உங்கள் மாவட்டத்தை மட்டும் எடுங்கள். பக்கத்துப் பக்கத்து ஷீட்டுகள் வெவ்வேறு காலத்தில் வரையப்பட்டவை என்பதால், எல்லையில் பாறைக் கோடு பொருந்தாமல் வெட்டி நிற்கும் இடங்கள் வரலாம். அது கோப்பின் கோளாறு அல்ல. மாணவரிடம் காட்டி, ஏன் இப்படி என்று கேளுங்கள். அருமையான களப்பணிக் கேள்வி அது. இந்தத் தரவு கிரியேட்டிவ் காமன்ஸில் இல்லை. வகுப்பில் பயன்படுத்துங்கள், ஜி.எஸ்.ஐ. பெயரைக் குறிப்பிடுங்கள், தொகுப்பில் ஷேப்ஃபைலை வைக்காமல், அதை இறக்கும் படிகளை எழுதி வையுங்கள்.

சர்வே ஆஃப் இந்தியா 1:50,000 ஓப்பன் சீரிஸ் வரைபடங்களை இலவச பி.டி.எஃப். ஆகத் தருகிறது. அவை ஜி.பி.எஸ். பயன்படுத்தும் உலகளாவிய அளவை ஆதாரமான டபிள்யூ.ஜி.எஸ். 84இல் வரையப்பட்டவை. உங்கள் துறை அலமாரியில் உள்ள பழைய டோப்போஷீட்டுகள் (நில அமைப்பு வரைபடங்கள்), புவியின் வடிவத்துக்கு முன்பு வகுத்த எவரெஸ்ட் கோளவுருவில் வரையப்பட்டவை. பழைய ஷீட்டை ஸ்கேன் செய்து, மூலையில் அச்சிட்டுள்ள அட்சரேகை, தீர்க்கரேகையை டபிள்யூ.ஜி.எஸ். 84 என்று சொல்லிப் பொருத்தினால் கோயிலும் குளமும் நூறு மீட்டருக்கு மேல் தள்ளிப் போய் நிற்கும். இலவச வரைபட மென்பொருளான கியூஜிஐஎஸ்ஸில் பொருத்தும்போதே எவரெஸ்ட் ஆதாரத்தைத் தேர்ந்தெடுத்து, பிறகு மாற்றுங்கள்.

சம உயரக் கோடுகளைக் காட்டும் காண்டூர் வரைபடம் நீங்களே தயாரிக்கலாம். 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து ரேடார் மூலம் எடுத்த எஸ்.ஆர்.டி.எம். உயரத் தரவை யு.எஸ்.ஜி.எஸ். எர்த்எக்ஸ்ப்ளோரரில் இலவசமாக இறக்கலாம். ஒரு டிகிரிச் சதுரம் சுமார் 25 எம்.பி., கல்லூரி இணைய வேகத்துக்கும் பென்டிரைவுக்கும் தாராளமாக அடங்கும். கோப்பின் பெயர் தென்மேற்கு மூலையைக் குறிக்கும்: ‘என்11 இ078’ என்றால் 11 முதல் 12 வரையிலான வடக்கு, 78 முதல் 79 வரையிலான கிழக்கு. கியூஜிஐஎஸ்ஸில் திறந்ததும் முதல் வேலை அதை யு.டி.எம். ஆக, அதாவது தொலைவை மீட்டரில் அளக்கும் முறைக்கு, மாற்றுவது. தமிழ்நாட்டில் 78 டிகிரிக் கிழக்குக்கு மேற்கே உள்ள கோவை, நீலகிரிப் பகுதிக்கு 43 வடக்கு மண்டலம். சேலம், திருச்சி, மதுரை, சென்னைக்கு 44 வடக்கு. மாற்றாமல் சாய்வுக் கருவியை ஓட்டினால் மலை, சமவெளி எல்லாமே 90 டிகிரிக்கு அருகில் காட்டும். உயரம் மீட்டரில், கிடைத்தொலைவு டிகிரியில் இருப்பதால் வரும் குழப்பம் அது.

காண்டூர் இடைவெளியை 20 மீட்டராக வையுங்கள். 5 மீட்டர் வைத்தால் அழகாகத் தெரியும், ஆனால் பொய். எஸ்.ஆர்.டி.எம். தரவுக்கு வகுத்த செங்குத்துப் பிழை வரம்பே 16 மீட்டர். சமவெளியில் காணும் சுருள் சுருளான கோடுகள் நிலம் அல்ல, இரைச்சல். காடு அடர்ந்த மலையில் ரேடார் மரத்தின் மேற்பகுதியையும் சேர்த்தே உயரமாகக் காட்டும் என்பதையும் மாணவருக்குச் சொல்லுங்கள். ஒப்பிட விரும்பினால் இஸ்ரோவின் புவன் தளத்தில் கார்டோடெம் என்ற உயரத் தரவு இலவசமாகக் கிடைக்கிறது.

அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் 2008 முதல் எல்லாருக்கும் இலவசம். லேண்ட்சாட் 8, 9 இரண்டிலும் 7, 5, 2 எண்ணுள்ள அலைநீளப் பட்டைகளைச் சிவப்பு, பச்சை, நீலமாக வைத்தால் பாறை வேறுபாடு நன்றாகத் தெரியும். களிமண் கனிமங்களுக்கு 6ஐ 7ஆல் வகுக்கும் விகிதம் வழக்கம். இங்கே ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. ‘கலெக்‌ஷன் 2, லெவல் 2’ கோப்பில் இருப்பது நேரடிப் பிரதிபலிப்பு எண் அல்ல. ஒவ்வொரு மதிப்பையும் 0.0000275ஆல் பெருக்கி 0.2ஐக் கழித்த பிறகுதான் விகிதம் எடுக்க வேண்டும். வெறும் பெருக்கல் மட்டும் இருந்தால் வகுக்கும்போது அடிபட்டுப் போகும். கழித்தல் இருப்பதால் விகிதமே மாறிவிடும். இன்னொன்று, பசுமையான இலையும் இதே விகிதத்தை உயர்த்தும். மழைக்காலப் படத்தில் வயல் முழுக்கக் களிமண் கனிமம்போல ஒளிரும். மார்ச் முதல் மே வரையிலான, மேகமில்லாத படத்தை எடுங்கள். முழுக் காட்சியை இறக்காமல் தேவையான பட்டைகளை மட்டும் தனித்தனியே இறக்குங்கள், 4 ஜி.பி. ராம் உள்ள ஆய்வகக் கணினி முழுக் காட்சியில் திணறும். உங்கள் தாலுகா அளவுக்கு வெட்டி வைத்துக் கொடுத்தால் மாணவருக்கு வேலை ஓடும்.

நாளையே நடத்தக்கூடிய ஒரு பயிற்சி

தமிழ்நாட்டுக் கடற்கரை மறக்காத ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். 2004 டிசம்பர் 26 சுமத்ரா நிலநடுக்கம், அளவு 9.1. யு.எஸ்.ஜி.எஸ். நிலநடுக்கப் பட்டியல் தேடலில் தேதியை 2004 டிசம்பர் 26 முதல் 2005 மார்ச் 27 வரை வையுங்கள். மார்ச் 28இல் சுமத்ராவை அடுத்த நியாஸ் தீவு அருகே 8.6 அளவில் இன்னொரு பெரிய நடுக்கம் வந்ததால் அதற்கு முன் நிறுத்த வேண்டும். எல்லை: வடக்கு 0 முதல் 16, கிழக்கு 90 முதல் 98. குறைந்த அளவு 4.5, அதற்குக் கீழே இறங்கினால் பல நடுக்கங்கள் பதிவாகாமல் விடுபட்டிருக்கும், மாணவர் எண்ணும் எண்ணிக்கைக்குப் பொருள் இருக்காது. வெளியீட்டை சி.எஸ்.வி. அட்டவணைக் கோப்பாகத் தேர்ந்தெடுங்கள். ஒரே தேடலில் 20,000 நிகழ்வுக்கு மேல் தராது. இந்தத் தேடல் அந்த வரம்புக்குள் அடங்கும்.

கியூஜிஐஎஸ்ஸில் சி.எஸ்.வி.யைச் சேர்க்கும்போது எக்ஸ் இடத்தில் தீர்க்கரேகை, ஒய் இடத்தில் அட்சரேகை. மாற்றிப் போட்டால் புள்ளிகள் எங்கோ ஆர்க்டிக் பக்கம் போய்விடும். புள்ளிகள் விழுந்ததும், பின்னதிர்வுகள் மையப்புள்ளியைச் சுற்றி வட்டமாக இல்லாமல் சுமத்ராவிலிருந்து நிக்கோபார், அந்தமான் வழியாக வடக்கே நீண்டு கிடப்பது கண்ணில் படும். அதன் நீளத்தை அளக்கச் சொல்லுங்கள். 1,200, 1,300 கிலோமீட்டர் வரும்.

அடுத்துக் கணக்கு. ஆழ்கடலில் சுனாமியின் வேகம், புவியீர்ப்பு முடுக்கத்தையும் ஆழத்தையும் பெருக்கி எடுத்த வர்க்கமூலம். வங்காள விரிகுடாவுக்கு 3,000 மீட்டர் ஆழம் என்று வைத்தால் வினாடிக்கு 171 மீட்டர், அதாவது மணிக்கு 617 கிலோமீட்டர். மையப்புள்ளியிலிருந்து சென்னைக்கு ஏறக்குறைய 2,040 கிலோமீட்டர். சுனாமி வந்து சேர 3.3 மணி நேரம் ஆக வேண்டும். நடுக்கம் இந்திய நேரம் காலை 6.29. ஆனால் சென்னைக் கரையை அலை தொட்டது 9 மணியளவில். ஏன் முன்னதாக வந்தது? வகுப்பை இங்கே விட்டுவிடுங்கள். கடல் தரை பெயர்ந்தது ஒரு புள்ளியில் அல்ல, நீண்ட கோட்டில் என்று வரைபடத்தைப் பார்த்தே மாணவர் கண்டுபிடிப்பார்கள். நிக்கோபார்ப் பகுதியிலிருந்து அளந்தால் சுமார் 1,540 கிலோமீட்டர், 2.5 மணி நேரம். கோடு வடக்கு தெற்காகக் கிடப்பதால் அலையின் பெரும்பங்கு கிழக்கிலும் மேற்கிலும் போனது என்பதும், இலங்கையும் தமிழகமும் தாய்லாந்தும் ஏன் அப்படி அடிவாங்கின என்பதும் அதிலிருந்தே வரும்.

இந்தப் பயிற்சியில் இரண்டு இடங்களில் மாணவர் தடுமாறுவார்கள். பட்டியலில் நேரம் உலகப் பொது நேரமான யு.டி.சி.யில் இருக்கும், 5 மணி 30 நிமிடம் கூட்டாவிட்டால் நடுக்கம் நள்ளிரவு தாண்டி நடந்ததாகத் தெரியும். ஆழத்தை வைத்துக் குறுக்குவெட்டு வரைந்தால் 10, 30, 33 கிலோமீட்டர் போன்ற ஆழங்களில் புள்ளிகள் ஆட்சிக்கோல் வைத்து அடித்ததுபோல நேர்கோட்டில் நிற்கும். அது பாறை அடுக்கு அல்ல. ஆழத்தைச் சரியாகக் கணிக்க முடியாத நடுக்கங்களுக்கு ஒரு நிலையான எண்ணை வைத்துவிடுவார்கள். அவற்றை நீக்கிவிட்டு வரையச் சொல்லுங்கள்.

மைக்ரோஸ்கோப் பற்றாக்குறை

பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டி நடத்தும் ‘வர்ச்சுவல் மைக்ரோஸ்கோப்’ தொகுப்பில் ஒளி ஊடுருவும்படி தேய்த்த பாறைச் சீவல்களான தின் செக்‌ஷன்களைச் சாதாரண முனைவாக்க ஒளியிலும் குறுக்கு நிக்கலிலும் (இரண்டு முனைவாக்கிகளைக் குறுக்காக வைத்து) பார்க்கலாம். குறிப்பிட்ட சில புள்ளிகளில் மேடையைச் சுழற்றவும் முடியும். சுழற்றும்போது வரும் நிறமாற்றம், கனிமம் இருளும் அணைவுக் கோணம், குறுக்கீட்டு நிறம் ஆகியவற்றை அறிமுகப்படுத்த இது போதும். கனிமத்தின் ஓரத்தில் தோன்றும் ஒளிக்கோடான பெக்கே கோடு பார்க்கக் குவியத்தை ஏற்றி இறக்க வேண்டும், குறுக்கீட்டு உருவம் பார்க்க பெர்ட்ரண்ட் லென்ஸ் வேண்டும். இரண்டும் திரையில் நடக்காது. ஆகவே முதல் மணி நேரம் திரை, இரண்டாவது மணி நேரம் உங்களிடம் உள்ள இரண்டு கருவிகள். ஆளுக்குப் பத்து நிமிடம் கிடைத்தாலும், என்ன பார்க்க வேண்டும் என்று தெரிந்தபின் பார்க்கும் பத்து நிமிடம் அது.

உங்கள் துறையில் உள்ள சார்னோக்கைட் ஸ்லைடுகளை நீங்களே படமெடுத்துத் தொகுப்பில் சேருங்கள். திறந்த உரிமத்தில் இப்படிப்பட்ட உள்ளூர்ப் படங்கள் மிகக் குறைவு. செல்போனைக் கண்ணருகுவில்லையில் பொருத்தும் சாதாரணப் பிடிப்பான் போதும். எக்ஸ்போஷரையும் ஒயிட் பேலன்சையும் பூட்டிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தானியங்கி முறையில் விட்டால், கனிமம் அணைந்து இருளும்போது செல்போன் ஒளியைக் கூட்டிவிடும்; அணைவே தெரியாது, குறுக்கீட்டு நிறமும் மாறிப் போகும். 0 முதல் 90 டிகிரி வரை 15 டிகிரிக்கு ஒரு படம், ஆக ஏழு. முனைவாக்க ஒளியில் ஒரு முறை, குறுக்கு நிக்கலில் ஒரு முறை. ஸ்டேஜ் மைக்ரோமீட்டரையும் அதே உருப்பெருக்கத்தில் ஒரு படம் எடுத்து அதிலிருந்து அளவுகோல் போடுங்கள். எடுக்கும் முன் குவார்ட்ஸைப் பாருங்கள்: 0.03 மி.மீ. தடிமனில் அது வெளிர்சாம்பல், வெள்ளை நிறத்தில் நிற்க வேண்டும். மஞ்சள் காட்டினால் ஸ்லைடு அதிகத் தடிமன், நிறத்தை வைத்துப் பாடம் நடத்த உதவாது. சார்னோக்கைட்டில் உள்ள ஹைப்பர்ஸ்தீன் கனிமம் இளஞ்சிவப்பிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறுவதும், நீள்வெட்டில் இணையாக அணைவதும் இந்த ஏழு படத்தில் தெளிவாகத் தெரியும்.

பழைய ஜி.எஸ்.ஐ. வெளியீடுகள்

இதைப் பலரும் கவனிப்பதில்லை. இந்தியச் சட்டப்படி அரசு வெளியீட்டுக்குப் பதிப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டு. அதைக் கடந்த ஜி.எஸ்.ஐ. மெமாயர்கள் (ஆய்வு நூல்கள்) பொதுச் சொத்து. 1900இல் நிலவியலாளர் ஹாலந்து எழுதிய சார்னோக்கைட் மெமாயர், 1860களில் பிளான்ஃபோர்டு திருச்சிராப்பள்ளிக் கிரெட்டேசியஸ் பற்றி எழுதியது, ஸ்டோலிச்காவின் தொல்லுயிர்ப் படத்தட்டுகள் எல்லாம் உங்களுடையவை. இன்டர்நெட் ஆர்கைவிலும் பயோடைவர்சிட்டி ஹெரிடேஜ் லைப்ரரியிலும் தேடுங்கள். கூகுள் ஸ்கேன் செய்த பிரதிகளில் மடித்து ஒட்டிய வரைபடங்களை விரிக்காமலே விட்டிருப்பார்கள். வேறு நூலகத்தின் பிரதி இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டோலிச்காவின் அம்மோனைட் படங்கள் இன்றும் இணையற்றவை, ஆனால் அவர் பயன்படுத்திய பேரினப் பெயர்கள் பலவும் மாறிவிட்டன. பேலியோபயாலஜி டேட்டாபேஸில் இன்றைய பெயரைச் சரிபார்த்துவிட்டு அச்சிடுங்கள்.

தமிழாக்கத்துக்கு முன் உங்கள் துறையில் எல்லாரும் உட்கார்ந்து சொற்பட்டியல் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள். பல்கலைக்கழகத் தேர்வு ஆங்கிலத்தில் என்றால் கலைச்சொல்லை ஒலிபெயர்த்து வைத்து விளக்கத்தைத் தமிழில் எழுதுவதே மாணவருக்கு உதவும். மொழிபெயர்ப்பு மென்பொருளில் இட்டால் பட்டியலோடு ஒவ்வொரு வரியையும் ஒப்பிடாமல் வெளியிடாதீர்கள்.

முதல் பருவத்தில் ஒரு தாளின் ஒரே ஒரு அலகை மட்டும் முடியுங்கள். தொகுப்பைக் கூகுள் டிரைவில் மட்டும் வைத்தால் நீங்கள் இடமாற்றம் ஆகும்போது அதுவும் காணாமல் போகும். ஐரோப்பிய ஆய்வு மையமான செர்ன் நடத்தும் ஜெனோடோ சேமிப்பகத்தில் ஏற்றினால், முகவரி மாறாமல் கண்டுபிடிக்க உதவும் நிலையான டி.ஓ.ஐ. எண் இலவசமாகக் கிடைக்கும். திருத்திய பதிப்புகளையும் அதே பதிவில் சேர்க்கலாம். பி.டி.எஃப். உடன் திருத்தக்கூடிய வேர்டு கோப்பையும் சேர்த்தே ஏற்றுங்கள், இல்லாவிட்டால் பக்கத்துக் கல்லூரி ஆசிரியர் தன் ஊர்ப் பாறையை அதில் சேர்க்க முடியாது. ஸ்லைடு படங்களுக்கு விக்கிமீடியா காமன்ஸ் நல்ல இடம், ஆனால் அங்கே என்.சி., என்.டி. உரிமங்களை ஏற்க மாட்டார்கள். ஆகவே நீங்களே எடுத்த படங்களுக்குப் பை அல்லது பை-எஸ்.ஏ. கொடுத்து அங்கே ஏற்றுங்கள், என்.சி. கலந்த அலகுகள் ஜெனோடோவில் மட்டும் இருக்கட்டும்.